பனிமிதவையில் ஒரு வானொலி நிலையம்

நெடும்பயணம் புறப்படுவோர் கட்டுச்சோறு எடுத்துச் செல்வர். கம்பளி எடுத்துச் செல்வர். எர்ன்ஸ்ட் கிரென்கல் இவற்றோடு ஒரு வானொலிப் பெட்டியையும் எடுத்துச் சென்றார். அந்தப் பெட்டியே ஒரு சமயம் நூற்றுக்கும் மேற்பட்டோரின் உயிரைக் காத்தது!

1903-இல் பியாலிஸ்டாக் நகரில் பிறந்த கிரென்கல், மாஸ்கோவில் வளர்ந்தார். வறுமையால் இளமையிலேயே சில்லறை வேலைகள் செய்தவர், கம்பியில்லாத் தந்தி பயின்று, 1924-இல் நோவாயா செம்லியாத் தீவின் வானொலி நிலையத்திற்குச் சென்றார். அன்று தொடங்கியது அவரது துருவ வாழ்க்கை.

சிற்றலை வானொலி அப்போது பெரும்பாலும் அமெச்சூர் ஆர்வலர்களின் விளையாட்டாகவே கருதப்பட்டது. சிற்றலைகள் வானின் மேலடுக்கில் பட்டுத் திரும்புவதால், குறைந்த மின்சாரத்திலும் உலகின் மறுகோடியை எட்டும். 1930 சனவரி 12 அன்று வடதுருவத்தின் அருகிலுள்ள பிரான்ஸ் யோசெப் தீவுகளிலிருந்து அழைத்த கிரென்கலுக்கு, தென்துருவக் கண்டத்தில் முகாமிட்டிருந்த பேர்டு குழுவினர் விடையளித்தனர். இடைப்பட்ட தூரம் ஏறத்தாழ 20,000 கிலோமீட்டர்! உலகமே வியந்தது.

ஆனால் உண்மையான சோதனை பின்னரே வந்தது. 1933-இல் வடகடல் வழியே விளாதிவஸ்தோக் நோக்கிப் புறப்பட்ட 'செல்யூஸ்கின்' கப்பல் பனியில் சிக்கியது. 1934 பிப்ரவரி 13 அன்று நசுங்கி மூழ்கியது. ஒருவர் மாண்டார். பெண்களும் இரு குழந்தைகளும் உட்பட 104 பேர் பனிப்பரப்பில் நின்றனர். கரை வெகுதூரம். அவர்கள் இருக்குமிடம் வெளியுலகிற்குத் தெரியாவிட்டால் மீட்பு ஏது?

கிரென்கல் காப்பாற்றி இறக்கிய வானொலியைக் கூடாரத்தில் வைத்தார். கடுங்குளிரில் வெறுங்கையால் கம்பிகளை இணைத்தார். மின்கலங்கள் சில, வீணாகும் ஒவ்வொரு நொடியும் நாளைய செய்தியைக் குறைக்கும். எனவே குறித்த நேரத்தில் மட்டும், சுருக்கமாகப் பேசினார். கரையிலிருந்த உவேலன் நிலையம் பதிலளித்தது. விமானங்கள் வந்தன. ஏப்ரல் 13-க்குள் 104 பேரும் மீண்டனர். கடைசியாகக் கிளம்பிய சிலருள் கிரென்கலும் ஒருவர்.

அத்துடன் ஓய்ந்தாரா? இல்லை. 1937 மே மாதம் பாபானின் முதலிய மூவருடன் வடதுருவப் பனிமிதவையில் இறங்கினார். காற்றாடி சுழன்றால் மின்கலம் நிரம்பும். காற்று ஓய்ந்தால் கையால் சுழற்ற வேண்டும். துருவத்தைக் கடந்து அமெரிக்கா பறந்த விமானங்களுக்கும் அவர்களுடைய வானிலைச் செய்தி உதவியது. ஓய்வு நேரத்தில் தூரதேசத்து அமெச்சூர்களைத் தேடி உரையாடினார். பனிமிதவை 2000 கிலோமீட்டருக்கும் மேல் மிதந்து, இறுதியில் பிளந்து சிறுத்தது. 274-ஆம் நாள், 1938 பிப்ரவரி 19 அன்று, பனியுடைக்கும் கப்பல்கள் நால்வரையும் மீட்டன.

மூழ்கிய செல்யூஸ்கினின் அழைப்புக்குறியான 'ஆர்.ஏ.ஈ.எம்.' பின்னர் அவருக்கே சொந்தக் குறியாக வழங்கப்பட்டது. பட்டங்கள் பல பெற்றபின்னும் வீட்டிலிருந்து அக்குறியால் உலக அமெச்சூர்களை அழைத்து வந்தார். 1971-இல் மாஸ்கோவில் மறைந்தார்.

மாணவ நண்பர்களே! கருவி எல்லாரிடமும் இருக்கலாம். கருவியைப் பேணுவதும், குறித்த நேரம் தவறாமையும், பிறர் அழைப்புக்குச் செவிசாய்க்கும் பொறுமையும் கிரென்கலிடம் இருந்தன. அவர் பயின்ற தொழிலே பனிவெளியில் உயிர்காத்தது. நம் பொழுதுபோக்குகளையும் அத்துணைப் பொறுப்போடு பயில்வோமாக!