ஜோர்ஜ் வாஷிங்டனும் முதலாவது அரசாங்கமும்

ஜோர்ஜ் வாஷிங்டன் என்றதும் நம்மிற் பலருக்கு நினைவில் வருவன ஒரு சிறுவனும், ஒரு கைக்கோடரியும், வெட்டுண்ட செரி மரமுமே. கீழ்வகுப்பு ஆங்கில வாசகப் புத்தகத்தில் அக்கதையை மனப்பாடஞ் செய்து ஒப்புவித்தவர்களுள் யானும் ஒருவன். பின்னாளில் அவருடைய சரித்திரத்தைப் படிக்கப் புகுந்தபோது, அது வீம்ஸ் என்னும் பாதிரியார் வாஷிங்டன் இறந்த பின்னர் தாம் எழுதிய நூலொன்றிற் சேர்த்துவிட்ட கதையென்றும், சரித்திர ஆசிரியர்கள் அதனை நம்புவதில்லையென்றும் அறிந்தேன். பொய் சொல்லாமையைப் போதிக்க வந்த கதையே பொய்யாயிற்று! அது போகட்டும். புரட்சியொன்றில் வெற்றி பெற்ற மக்கள், மன்னனை நீக்கிய இடத்தில் எதனை வைப்பது என்று அறியாது நின்றபோது, அவ்விடத்தை இவர் எவ்வாறு நிரப்பினார் என்பதே ஈண்டுச் சொல்லப் புகுந்தது.

இவர் 1732ஆம் ஆண்டு பெப்ரவரி 22ஆந் தேதி வர்ஜீனியாவிலே பிறந்தார். பதினொரு வயதிலே தந்தையை இழந்தார். சர்வகலாசாலைக் கல்வி இவருக்குக் கிட்டவில்லை. பதினேழாம் வயதிலே நில அளவையாளராய் உத்தியோகம் பெற்றுக் காடு மேடெல்லாம் சங்கிலி பிடித்து அளந்து திரிந்தார். பின்னர் எல்லைப்புறப் போர்களிலே பிரித்தானியர் பக்கம் நின்று போர்த்தொழில் பழகினார். 1759இல் மார்த்தா கஸ்ரிஸ் என்னும் செல்வ விதவையை மணந்து, மவுண்ட் வேர்ணன் என்னும் தமது தோட்டத்திலே பெருநிலக்காரராய் வாழ்ந்தார். அத்தோட்டத்தை உழுது பயிரிட்டவர்கள் அடிமைகள் என்பதை இங்கேயே சொல்லிவைக்க வேண்டும். அதற்குப் பின்னர் வருவோம்.

1775ஆம் ஆண்டு யூன் மாதத்திலே பதின்மூன்று குடியேற்ற நாடுகளின் காங்கிரஸ் இவரைச் சேனாதிபதியாக்கிற்று. போர் எட்டு ஆண்டுகள் நீடித்தது. இவர் வென்ற சமர்களிலும் தோற்றவையே அதிகமென்று கணக்கிடுவோர் உளர். 1777ஆம் ஆண்டின் பனிக்காலத்திலே வாலி போர்ஜ் என்னும் இடத்திற் பாசறை அமைத்திருந்தபோது, ஏறக்குறைய 12,000 பேர் கொண்ட படையிற் சுமார் 2,000 பேர் நோயினால் மாண்டனர். எனினும் படை கலையவில்லை. 1781 ஒக்டோபரில், பிரெஞ்சுக்காரரின் தரைப்படையும் கடற்படையும் துணை நிற்க, யோர்க்டவுனிலே கோர்ன்வாலிஸ் பிரபுவின் சேனை சரணடைந்தது. இந்தக் கோர்ன்வாலிஸ் நம் அயலவர்க்குப் புதியவரல்லர். அமெரிக்காவிலே தோற்ற இவரே பின்பு இந்தியாவுக்குத் தேசாதிபதியாய் வந்து, திப்பு சுல்தானைப் பொருது, 1792இல் திண்டுக்கல்லையும் பாராமகாலையும் கும்பினியார் கைக்கு எடுத்துக் கொடுத்தவர்.

போர் ஓய்ந்தது, ஆனால் அபாயம் ஓயவில்லை. புரட்சி செய்த நாடுகள் பலவற்றை விழுங்கிய அபாயம் அது. கையிலே வாளும் வயிற்றிலே பசியுமாய் நிற்கும் வெற்றிச் சேனையே அந்த அபாயம். போர்வீரர்க்கும் அதிகாரிகளுக்கும் நெடுநாட் சம்பளப் பாக்கி இருந்தது. கொடுக்கக் காங்கிரசிடம் பணமில்லை. 1782இலே நிக்கலா என்னும் கேணல் ஒருவர், நாட்டுக்கு மன்னன் ஒருவன் வேண்டும், அவர் தாங்களாகவே இருத்தல் நலம் என்னும் கருத்துப்பட வாஷிங்டனுக்கு எழுதினார். அவருக்குக் கிடைத்தது கடுமையான கண்டனமே. அடுத்த ஆண்டு மார்ச் மாதத்தில் நியூபேர்க் பாசறையிலே, கையொப்பமில்லாத கடிதமொன்று அதிகாரிகளிடையே உலாவிற்று. உரியதைக் காங்கிரஸ் தராவிடின் படையைக் கலைக்க உடன்படலாகாது என்று அது தூண்டிற்று. அதிகாரிகள் கூடிய கூட்டத்திலே எவரும் எதிர்பாராவண்ணம் வாஷிங்டன் வந்து நின்றார். எழுதிவந்த உரையை வாசித்தார். அது அவர்கள் மனத்தை முற்றாகக் கரைத்ததாய்த் தெரியவில்லை. பின்னர்க் காங்கிரஸ் அங்கத்தவர் ஒருவரின் கடிதத்தை வாசிக்க எடுத்தவர், எழுத்துப் புலப்படாது தடுமாறி, சட்டைப் பையிலிருந்து மூக்குக் கண்ணாடியை எடுத்து மாட்டினார். அவர் கண்ணாடி அணிவதை அவ்வதிகாரிகளிற் பலர் அதற்குமுன் கண்டதில்லை. நாட்டுப் பணியிலே தலை நரைத்ததுமன்றிப் பார்வையும் மங்கிவிட்டதென்று அவர் மெல்லச் சொல்லவும், போர்க்களத்திற் கலங்காத கண்கள் கலங்கின. எதிர்ப்பு அத்துடன் அடங்கிற்று.

1783 டிசம்பர் 23ஆந் தேதி அன்னாபொலிஸ் நகரிலே, ஏறக்குறைய இருபது அங்கத்தவரே கூடியிருந்த காங்கிரசின் முன் நின்று, தமது சேனாதிபதிப் பத்திரத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மறுநாள் வீடு சேர்ந்தார். யூலியஸ் சீசரும், கிறொம்வெலும் செய்யாததொன்றை இவர் செய்தார்.

வீடு திரும்பினாரேயன்றி நாடு நிலைபெறவில்லை. அந்நாளைய காங்கிரஸ் வரி விதிக்க இயலாதது. மாநிலங்களிடம் கைநீட்டிக் கேட்க மட்டுமே வல்லது. விதிகளைத் திருத்துவதற்குப் பதின்மூன்று மாநிலங்களும் ஒருமிக்க வேண்டும். சட்டத்தை நிறைவேற்றுவதற்கெனத் தனித் தலைவனோ, வழக்குத் தீர்ப்பதற்கெனப் பொது நீதிமன்றமோ கிடையாது. 1786இல் மசச்சூசெற்சிலே கடன்பட்ட கமக்காரர்கள், பழைய போர்வீரராகிய டானியல் ஷேய்ஸ் முதலியோர் தலைமையிற் கிளர்ந்தெழுந்தபோது, காங்கிரஸ் கைகட்டி நின்றது. இதன்பின்னரே 1787 மே மாதத்திற் பிலடெல்பியாவிலே புதிய அரசியலமைப்பு வகுக்கும் மகாநாடு கூடிற்று. வாஷிங்டன் தலைமை வகித்தார். ஆனால் விவாதங்களில் மிக அரிதாகவே வாய் திறந்தார். பெரிய மாநிலங்களுக்கும் சிறிய மாநிலங்களுக்கும் இடையே எழுந்த பிணக்கை, ஒரு சபைக்குக் குடித்தொகைப்படியும் மற்றைச் சபைக்கு மாநிலத்துக்கு இருவராகவும் பிரதிநிதிகளை அனுப்புவதென்று சமாதானஞ் செய்தனர். அடிமைகள் ஐவரை மூவராகக் கணக்கிடுவதென்ற ஏற்பாடும் அங்கேயே நுழைந்தது. சனாதிபதி பதவிக்கு அவர்கள் அத்துணை அதிகாரம் வழங்கியதற்குக் காரணம், அவ்வாசனத்தில் முதலில் அமரப்போகிறவர் தங்கள் முன்னே மௌனமாய் இருக்கிறார் என்ற நம்பிக்கையே என்பது என் எண்ணம்.

1789 பெப்ரவரியிலே தேர்வாளர் அறுபத்தொன்பதின்மரும் ஒருவர் தவறாது இவருக்கே வாக்களித்தனர். உபசனாதிபதியானவர் ஜோன் அடம்ஸ். மார்ச் 4ஆந் தேதி நியூயோர்க்கிற் கூட வேண்டிய புதிய காங்கிரஸ், சேற்றுப் பாதைகளைக் கடந்து போதிய அங்கத்தவர் வந்து சேராமையால், ஏப்ரல் வரையிற் கூட முடியவில்லை. மவுண்ட் வேர்ணனிலோ, நிலம் நிறைய இருந்தும் கையிற் காசு இல்லாமையால், நாட்டின் முதற் சனாதிபதி பழைய கடனைத் தீர்க்க 500 பவுணும், பிரயாணச் செலவுக்கு மேலும் 100 பவுணும் கடன் வாங்கினார். ஏப்ரல் 30ஆந் தேதி கனக்ரிகற்றில் நெய்த கபில நிறச் சட்டை அணிந்து, மண்டபத்தின் மேன்மாடத்திலே சத்தியப் பிரமாணஞ் செய்தார். அதற்குரிய வேதப்புத்தகமும் அயலிலிருந்த ஒரு சங்கத்திலிருந்து அவசரமாய் இரவல் வாங்கப்பட்டது. அன்று அவர் நிகழ்த்திய உரையை எழுத உதவியவர் ஜேம்ஸ் மடிசன். அதற்குப் பிரதிநிதிகள் சபை அளித்த மறுமொழியை எழுதியவரும் மடிசனே. அம்மறுமொழிக்குச் சனாதிபதி கூறிய மறுமொழியும் மடிசன் கையெழுத்தே. ஆள் பற்றாக்குறை அவ்வாறிருந்தது.

புதிய அரசாங்கம் முதலில் மோதிக்கொண்டது பெரிய காரியமொன்றிலன்று. சனாதிபதியை எவ்வாறு விளிப்பது என்பதிலேதான். அடம்ஸ் முதலியோர் மேன்மையும் காவலனும் கலந்த நீண்டதொரு பட்டத்தை நாடினர். செனற் சபை வாரக்கணக்கில் இதனை விவாதித்தது. பிரதிநிதிகள் சபையோ அரசியலமைப்பில் உள்ள வெறும் பெயரே போதுமென்று நின்று வென்றது. வேடிக்கையாய்த் தோன்றினும் இது வேடிக்கையன்று. பட்டம் வந்தால் அதன் பின்னே முடியும் வரும் என்று அஞ்சியவர்கள் அறிவிலிகளல்லர். சனாதிபதியின் வீட்டுக்குக் கண்ட கண்ட வேளையில் எவரும் வந்து போயினர், அலுவல் நடக்கவில்லை. எவரைக் காண்பது, எப்பொழுது காண்பது, யார் வீட்டு விருந்துக்குப் போவது என்று அடம்சிடமும் ஹமில்ட்டனிடமும் பிறரிடமும் அவர் ஆலோசனை கேட்டார். செவ்வாய்க்கிழமை பிற்பகல் மூன்று முதல் நான்கு மணி வரை காண்பதென்றும், எவர் வீட்டுக்கும் விருந்துண்ணப் போவதில்லையென்றும் முடிவாயிற்று. இது அரசசபைக் கோலமென்று குறை சொன்னோரும் இருந்தனர்.

யூலை 4ஆந் தேதி சுங்கவரிச் சட்டத்திற் கையொப்பமிட்டார். அதன்பின் வெளிநாட்டுத் திணைக்களம், யுத்தத் திணைக்களம், திறைசேரி என மூன்றும் யூலைக்கும் செத்தெம்பருக்கும் இடையிற் பிறந்தன. யுத்தத்துக்கு ஹென்றி நொக்ஸ்; பொஸ்ரனிலே புத்தகம் விற்றவர், விற்ற புத்தகங்களிலிருந்தே பீரங்கி வித்தை கற்றவர். அவர் கீழிருந்த சேனை ஆயிரம் பேருக்குங் குறைவு. திறைசேரிக்கு அலெக்சாண்டர் ஹமில்ட்டன். மேற்கிந்தியத் தீவொன்றிலே பிறந்து, சிறுவயதிலே தாயை இழந்து, அநாதையாய் வளர்ந்த இளைஞர். வெளிநாட்டலுவலுக்குத் தோமஸ் ஜெபர்சன். பாரிசிலிருந்து திரும்பி வந்து பதவியேற்க அடுத்த ஆண்டு மார்ச் ஆகிவிட்டது. சட்ட ஆலோசகர் எட்மண்ட் ரண்டொல்ப். பிரதம நீதியரசர் ஜோன் ஜே. திறைசேரியில் இருந்ததோ கடன் மட்டுமே. அரசாங்கத்தின் முதற் செலவுகளுக்கு ஹமில்ட்டன் வங்கிகளிடம் கைமாற்று வாங்க வேண்டியதாயிற்று.

அரசியலமைப்பு ஒரு சிறு ஏடு. எழுதாது விட்டவை அதில் அநேகம். உடன்படிக்கைகளைச் செனற் சபையின் ஆலோசனையோடும் சம்மதத்தோடும் செய்ய வேண்டும் என்று அது கூறிற்று. ஆலோசனை என்றால் நேரிற் போய்க் கேட்பதென்று வாஷிங்டன் கொண்டார். ஓகஸ்ற் 22ஆந் தேதி, சுதேசிகளாகிய கிரீக் குலத்தாரோடு செய்யவிருந்த உடன்படிக்கை பற்றி ஆலோசிக்க நொக்சையும் அழைத்துக்கொண்டு சபைக்குச் சென்றார். அடம்ஸ் பத்திரத்தை வாசிக்க, தெருவில் ஓடிய வண்டிகளின் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. மறுபடி வாசிக்கப்பட்டது. உறுப்பினர் ஒருவரையொருவர் பார்த்தனர். பெருமான் முன்னிலையில் வாதாட நாவெழவில்லை. ஒருவர் எழுந்து, ஒரு குழுவுக்கு விட்டு ஆராயலாமே என்றார். வாஷிங்டன் சினந்தெழுந்தார், தாம் வந்த நோக்கமே கெட்டதென்றார், பின் ஒருவாறு ஆறித் தவணைக்கு உடன்பட்டார். திங்கட்கிழமை மீண்டும் வந்து காரியத்தை முடித்தார். அதன்பின் ஆலோசனை கேட்க அச்சபைப் படியை அவர் மிதிக்கவேயில்லை. ஆலோசனை வேண்டியபோது திணைக்களத் தலைவர்களையே நாடினார். சில ஆண்டுகளில் அவர்களை ஒருங்கே கூட்டலானார். மந்திரி சபை என்ற சொல் அவ்வரசியலமைப்பில் இல்லை. அச்சபை பிறந்தது இப்படித்தான். நம் நாட்டிற்போல அங்கே மந்திரிமார் சட்டசபையினரல்லர் என்பதும் கவனிக்கத்தக்கது.

அவ்வாண்டு ஒக்டோபரில் வடபுல மாநிலங்களுக்குச் சுற்றுலாச் சென்றார். ஐக்கியத்தில் அப்போது சேராதிருந்த றோட் தீவுக்குள் காலடி வைக்கவில்லை. பொஸ்ரனை அடைந்தபோது மசச்சூசெற்ஸ் தேசாதிபதி ஜோன் ஹன்கொக், சனாதிபதியே தம்மை வந்து காணட்டும் என்று வீட்டிலிருந்துவிட்டார். வாதநோய் என்று சாட்டுச் சொல்லி அனுப்பினார். மாநிலம் பெரிதா, ஐக்கியம் பெரிதா என்ற கேள்வி ஒரு பகற் போசனத்தில் வந்து நின்றது! வாஷிங்டன் அவர் வீட்டுக்குப் போகாது தாம் தங்கிய இடத்திலேயே உண்டார். மறுநாள் ஹன்கொக் கால்களிலே சிவப்புத் துணி சுற்றியபடி வேலையாட்களால் தூக்கப்பட்டு வந்து மரியாதை செய்தார். நோய் மெய்யோ பொய்யோ, வழக்கம் நிலைத்துவிட்டது.

பின் நடந்தவற்றைச் சுருக்கிச் சொல்வேன். ஐக்கியத்தின் கடன் ஏறக்குறைய 540 இலட்சம் டொலர், மாநிலங்களின் கடன் 250 இலட்சம்; இரண்டையும் பொது அரசாங்கமே ஏற்கவேண்டுமென ஹமில்ட்டன் நின்றார், மடிசன் எதிர்த்தார். 1790இல் ஜெபர்சன் வீட்டு விருந்தொன்றிலே பேரம் படிந்தது: கடனை ஐக்கியம் ஏற்கும், தலைநகர் தெற்கே பொற்றோமாக் நதிக்கரைக்குப் போகும். விருந்திற் கூடியவர்கள் விரைவிற் பகைவராயினர். ஹமில்ட்டனையும் ஜெபர்சனையும் ஒரே மேசையில் வைத்துக் காலந்தள்ளியதே வாஷிங்டனின் பெருந்தொல்லை. பொறுமை வேண்டி இருவருக்கும் கடிதம் எழுதியும் பயனில்லை. 1793 முடிவில் ஜெபர்சன் விலகினார். 1794இல் மதுவரியை எதிர்த்து மேற்குப் பென்சில்வேனியாவிற் கலகம் எழுந்தபோது, ஏறக்குறைய 13,000 பேர் கொண்ட படை சென்றது. சனாதிபதியும் பாதி வழி கூடப் போனார். தேசத்துரோகிகளெனத் தீர்க்கப்பட்ட இருவரையும் பின் மன்னித்தார்.

மூன்றாம் முறையும் அவர் விரும்பியிருந்தால் வென்றிருப்பார். தடுக்கும் சட்டம் அன்று இல்லை, அது 1951இலேதான் வந்தது. 1797 மார்ச் 4ஆந் தேதி அடம்ஸ் பதவியேற்றார். சடங்கு முடிந்து வெளியேறும்போது புதிய சனாதிபதியும், உபசனாதிபதியாகிய ஜெபர்சனும் முன்னே செல்லட்டும் என்று வாஷிங்டன் ஒதுங்கி நின்று, பின்னாலே போனார். வாள் கொண்டு வந்த ஆட்சியொன்று அமைதியாகக் கைமாறியதைக் கண்டு அங்கே அழுதவர் பலர்.

இத்தகையவரிடத்தும் மறைக்கலாகாத மறு ஒன்றுண்டு. அரசாங்கம் பிலடெல்பியாவில் இருந்த காலத்திலே, ஆறு மாதம் அங்கே வசிக்கும் அடிமை விடுதலை கோரலாம் என்றிருந்தது அம்மாநிலச் சட்டம். சனாதிபதி தம் வீட்டு அடிமைகளைத் தவணை முடியுமுன் வெளியே அனுப்பி மீளக் கொணர்ந்து அச்சட்டத்தைத் தட்டிக் கழித்தார். 1796இல் ஓனா ஜட்ஜ் என்னும் இளம்பெண் அவர் வீட்டிலிருந்து தப்பி நியூ ஹம்சயர் போய்ச் சேர்ந்தாள். அவளை மீட்க அவர் ஆளனுப்பியும் அவள் திரும்பவில்லை. எல்லா மக்களும் சமமென்ற பிரகடனத்துக்காக எட்டாண்டு பொருதவர் இதைச் செய்தார் என்பதை வாசித்தபோது, பள்ளிக்கூடத்துச் செரி மரக் கதை நினைவுக்கு வந்து என்னை வருத்திற்று.

1799 டிசம்பர் 14ஆந் தேதி அவர் காலமானார். அவ்வாண்டு தம் கைப்பட எழுதிய மரண சாசனத்திலே, தமக்கு உரித்தான அடிமைகள் 123 பேரும் மனைவியின் காலத்துக்குப்பின் விடுதலை பெறவேண்டுமென்றும், முதியோர்க்கு உணவும் உடையும், சிறுவர்க்கு எழுத்தும் தொழிலும் அளிக்கவேண்டுமென்றும் விதித்திருந்தார். மார்த்தா அம்மையார் தம் மரணம் வரையிற் காத்திராது, 1801 சனவரி முதலாந் தேதி அவர்களை விடுவித்தார். மவுண்ட் வேர்ணனில் இருந்த ஏனைய 150க்கு மேற்பட்டோர் அம்மையாரின் முதற் கணவருடைய ஆதனத்தைச் சேர்ந்தவர்கள். அவர்களை விடுவிக்கச் சட்டம் இடங்கொடுக்கவில்லை, பேரப்பிள்ளைகளிடையே பங்கிடப்பட்டார்கள்.