யார் இந்த ஜாப் சார்னாக்? பல்லாவரம் கல்லுக்கு அவர் பெயர் ஏன்?

பல்லாவரம் மலைக்கல்லைப் பார்த்திருக்கீங்களா? அதன் அறிவியல் பெயர் சார்னோகைட். யார் அந்த சார்னாக்?

கிழக்கிந்திய கம்பெனியின் வங்காள ஏஜென்ட் அவர். முகலாயர்களுடன் மோதி ஹூக்ளியை விட்டு வெளியேறியவர், 1690 ஆகஸ்ட் 24 அன்று சுதானுட்டியில் வந்திறங்கினார். சுற்றுக் கிராமங்களோடு சேர்ந்து அதுவே கல்கத்தா ஆனது. ஆனால், 1693-லேயே சார்னாக் இறந்துவிட்டார். அவரது கல்லறைக்கான கல் சென்னைப் பக்கத்திலிருந்து போனது.

1893-ல் புவியியலாளர் தாமஸ் ஹாலண்ட் பல்லாவரம் பாறையை ஆராய்ந்தார். மணிமணியாகத் தெரியும் இத்தகைய பாறைகளை, அவற்றிலுள்ள கனிமங்களை வைத்துத்தான் இனம் பிரிக்கணும். கிரானைட் மாதிரியே இதிலும் குவார்ட்ஸ், ஃபெல்ட்ஸ்பார் இருக்கு. கூடவே ஹைப்பர்ஸ்தீனும் இருக்கு. அதுதான் இதன் அடையாளம். கல்லறைக் கல்லும் இதே ரகம் என்பதால் சார்னாக் பெயரையே சூட்டினார்.

கொல்கத்தாவை நிறுவியவர் சார்னாக் அல்ல என்று 2003-ல் கல்கத்தா உயர் நீதிமன்றம் கூறிவிட்டது. கல்லின் பெயர் மட்டும் மாறல.