இரவு வானில் வழி காட்டிய அலெக் கிரான்ஸ்விக்

திண்டுக்கல் புகைவண்டிச் சந்திப்பை அறியாதார் நம்மில் எவருமிலர். மதுரைக்கும் திருச்சிக்கும் பழநிக்கும் பாதை பிரியும் அவ்விடம் ஒரு நாள் முடங்கினால் சரக்கும் ஜனங்களும் படும் பாடு சொல்லி முடியாது. அத்தகைய சந்திப்பொன்றைத் தகர்க்கச் சென்று, 1944-ஆம் வருஷம் ஜூலை 4-ஆம் தேதி இரவு கடந்து விடியுமுன் மாண்ட ஆங்கில வாலிபர் ஒருவரின் சரித்திரத்தை ஈண்டு எழுதத் துணிந்தோம். அயல்நாட்டார் ஒருவரைப் பற்றி நமது சங்கப் பத்திரிகையில் எழுதுவானேன் என்று அன்பர்கள் வினவலாம். அவர் ஊழியஞ் செய்த 35-ஆம் விமானப் படைப்பிரிவு சென்னை மாகாணத்தின் பெயரைத் தாங்கியிருந்தது என்பதே அதற்கு விடை.

விமானங்களுக்காக நமது மாகாணம் அளித்த பொருளை முன்னிட்டே அப்பெயர் அமைந்தது. வேறு சில படைப்பிரிவுகளுக்கும் அவ்வாறே மாகாணப் பெயர் வழங்கிற்று. யுத்த நிதி என்றால் ஜமீன்தாரும் வியாபாரியும் கொடுத்ததோடு நிற்கவில்லை. மனமுவந்து கொடுத்தோரும் உண்டு, உத்தியோகஸ்தருக்கு அஞ்சிக் கொடுத்தோரும் உண்டு. சுதந்திரம் வேண்டிச் சிறை புகுந்தோரின் குடும்பங்களும் அக்காலத்தில் இதே ஊர்களில்தான் இருந்தன. இதை மறைத்து எழுதுதல் நேர்மையாகாது.

நிற்க. அலெக் பான்டன் கிரான்ஸ்விக் 1919-ஆம் வருஷம் ஆக்ஸ்போர்டில் பிறந்தவர். தகப்பனாரும் விமானப் படையினரே. மைந்தன் பாலகனாயிருக்கையிலேயே விமான விபத்தில் இறந்துபோனார். அவ்வழியே தாமும் செல்ல எண்ணி, யுத்தம் மூண்ட 1939-இல் கிரான்ஸ்விக் படையிற் சேர்ந்தார். முதலில் வெல்லிங்டன் என்னும் விமானத்தில் இரவுத் தாக்குதல்களுக்குச் சென்றார். பின்னர் மத்தியதரைக் கடற் பிரதேசத்திலும் போர் புரிந்தார். அடக்கமும் மிதமான பேச்சும் உடையவர் என்பர்.

இரவில் குண்டு போடுதல் எவ்வளவு அரிது என்பதை விளக்க வேண்டும். நிலத்தில் விளக்கில்லை, வானில் மேகம், கீழிருந்து பீரங்கி வேட்டு. இலக்கைத் தாக்கினோம் என்று திரும்பி வந்து சொன்ன விமானங்களில் மூன்றிலொன்றே அதற்கு ஐந்து மைல் சுற்றளவுக்குள் சென்றதென 1941-இல் புகைப்படங்களை ஆராய்ந்து கண்டனர். இக்குறையை நீக்கவே 1942 ஆகஸ்டில் வழிகாட்டிப் படை அமைந்தது. தேர்ந்த விமானிகள் முன்னே சென்று வர்ண ஒளிகளை இலக்கின்மேல் வீழ்த்துவர். பின்வரும் கூட்டம் அவ்வொளியை நோக்கிக் குண்டெறியும். முன்னே செல்பவனைத்தான் பீரங்கியும் முதலில் தேடும். தொடக்கத்திலேயே அப்படையிற் சேர்க்கப்பட்ட ஐந்து பிரிவுகளுள் நமது மாகாணப் பெயர் பூண்ட 35-ஆம் பிரிவும் ஒன்று.

சாதாரணமாக முப்பது பிரயாணங்கள் முடித்தவருக்கு ஓய்வு உண்டு. கிரான்ஸ்விக்கோ நூற்றுக்கு மேற்பட்ட பிரயாணங்கள் சென்றார். ஓய்வு கிட்டியும் மீண்டும் மீண்டும் கேட்டுத் திரும்பினார். இதனைத் துணிவு என்பதா, விடமுடியாத பழக்கம் என்பதா? எமக்குத் தோன்றுவது, தம் கை தேர்ந்த வேலையை அனுபவமில்லாத சிறுவரிடம் விட்டுவர அவர் மனம் ஒப்பவில்லை என்பதே.

1944 ஜூனில் நேசப்படைகள் நார்மண்டியில் இறங்கின. ஜெர்மானியர் துணைப்படை அனுப்பாதபடி பிரான்சின் ரெயில் சந்திப்புகள் தாக்கப்பட்டன. அவற்றின் அருகில் வசித்த பிரெஞ்சுக் குடிகளும் பலர் மாண்டனர். பாரிஸ் நகருக்குத் தென்கிழக்கிலுள்ள வில்நோவ் ஸாந் ஜார்ஜ் சந்திப்புக்கு ஒளி காட்டச் சென்ற கிரான்ஸ்விக்கின் லங்காஸ்டர் விமானம் பீரங்கிக் குண்டுபட்டு வீழ்ந்தது. உடனிருந்தோருள் ஒருவரே பிழைத்தார். கிரான்ஸ்விக்குக்கு வயது இருபத்துநான்கு. மணமாகிச் சில மாதங்களே கழிந்திருந்தன. தகப்பனாரின் முகத்தை அவர் சிறிதேனும் அறிவார். அவருக்குப் பின் பிறந்த மகனுக்கு அதுவும் வாய்க்கவில்லை.

அந்த யுத்தத்தில் குண்டுவீச்சுப் படையினர் 55,573 பேர் இறந்தனர். கிரான்ஸ்விக் பிரான்சின் மண்ணிலேயே அடக்கமானார். சென்னை மாகாணம் 1969-இல் தமிழ்நாடு எனப் பெயர் பெற்ற பின்னரும் பழைய பெயரைத் தாங்கியிருந்த 35-ஆம் படைப்பிரிவு 1982-இல் கலைக்கப்பட்டது.