கதவைத் தட்டிய மூன்று பெண்கள்

சென்னீர்குப்பம், பூந்தமல்லி, ஆவடி பக்கத்துக் கர்ப்பிணிப் பெண்களுக்கு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி என்ற பெயர் தெரியும். தமிழ்நாடு அரசின் மகப்பேறு உதவித் திட்டத்துக்கு அந்தப் பெயர்தான். ஆனால் அந்த அம்மையார் யார் என்று கேட்டால், பலர் விழிப்பார்கள்.

1886-ம் ஆண்டு ஜூலை 30-ந்தேதி புதுக்கோட்டையில் பிறந்தவர் அவர். தகப்பனார் நாராயணசாமி அய்யர், கல்லூரித் தலைவர். தாயார் சந்திரம்மாள், இசை வேளாளர் குலத்தைச் சேர்ந்தவர். சிறு பெண்களைக் கோவிலுக்குப் பொட்டுக் கட்டி விடும் வழக்கம் அப்போது இருந்தது. அந்தக் கொடுமையை முத்துலட்சுமி அருகிலிருந்தே அறிந்தவர்.

ஆண்கள் மட்டும் படித்த புதுக்கோட்டைக் கல்லூரியில் அவர் சேர விரும்பினார். எதிர்ப்பு கிளம்பியது. மன்னர் குறுக்கிட்டு அனுமதி தந்தார். 1907-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, 1912-ல் டாக்டர் ஆனார்.

1926-ல் சென்னை சட்டசபை உறுப்பினராக நியமிக்கப்பட்டார். அச்சபையில் அமர்ந்த முதல் பெண் அவரே. அடுத்த ஆண்டு துணைத் தலைவர் பதவியும் வந்தது. பதவி வந்ததும் பொட்டுக் கட்டும் வழக்கத்தை ஒழிக்கப் போராட்டம் தொடங்கினார்.

பழைய வழக்கத்தில் கை வைக்கலாமா என்று சபையில் எதிர்ப்பு எழுந்தது. இதில் வேடிக்கை என்னவென்றால், தேவதாசிகளில் சிலரே எதிர்த்து மனுக் கொடுத்தார்கள். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. கோவில் ஊழியத்துக்காகக் கிடைத்த மானிய நிலம் போய்விட்டால் சாப்பாட்டுக்கு என்ன செய்வது? ஊழியம் செய்யாமலே நிலம் அவர்களிடம் இருக்க, 1929-ல் சட்டம் திருத்தப்பட்டது. வயிற்றுக்கு வழி செய்துவிட்டு, அடுத்த மசோதாவை 1930-ல் கொண்டு வந்தார்.

அந்த ஆண்டு காந்தியடிகள் கைதானார். அம்மையார் பதவியை ராஜினாமா செய்தார். மசோதா கிடப்பில் கிடந்தது.

அவர் சும்மா இருக்கவில்லை. மாதர் சங்கத்தின் "ஸ்திரீ தர்மா" பத்திரிகைக்கு ஆசிரியரானார். எழுதினார். கூட்டங்களில் பேசினார். ஆட்சியாளர்களுக்கு விடாமல் மனுப் போட்டார். மசோதா சட்டமானது 1947-ல்! 17 ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது.

இதற்கிடையே, 1930-ல், பொட்டுக் கட்டும் வாழ்விலிருந்து தப்பிய மூன்று பெண்கள் அவர் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். விடுதிகளில் அவர்களுக்கு இடமில்லை. சட்டம் வரும்வரை அவர்களை எங்கே நிற்கச் சொல்வது? தம் வீட்டிலேயே தங்க வைத்தார். அதுவே அவ்வை இல்லம் ஆயிற்று. பின்னர் அடையாறில் பள்ளிக்கூடமும் சேர்ந்து வளர்ந்தது.

இன்னொரு துயரமும் அவர் நெஞ்சில் இருந்தது. அருமைத் தங்கை புற்றுநோயால் இறந்தார். சீதபேதி என்று நினைத்து வைத்தியம் பார்த்த நோய் அது. புற்றுநோய்க்குத் தனி ஆஸ்பத்திரி வேண்டும் என்று அம்மையார் கேட்டுக்கொண்டே இருந்தார். அந்த நோய் வந்தால் பிழைக்கவா போகிறார்கள் என்று பலரும் எண்ணிய காலம். ஊர் ஊராகப் பணம் திரட்டினார்கள். 1952-ல் நேரு அடிக்கல் நாட்டினார். 1954-ல் அடையாறில் 12 படுக்கைகளுடன் வேலை தொடங்கியது. மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி அங்கேயே பணிபுரிந்தார்.

1956-ல் பத்மபூஷண் விருது பெற்ற அம்மையார், 22-7-1968-ல் காலமானார். பூந்தமல்லி பக்கத்திலிருந்து மஞ்சள் பையில் மருத்துவச் சீட்டுகளை வைத்துக்கொண்டு, பஸ் மாறி அடையாறு ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.