பாறை படித்த பயணி

செல்ட்டன்காம் என்னும் ஆங்கில நகரில் 1834ஆம் ஆண்டு பிறந்த இராபர்ட் புரூஸ் ஃபுட், 1858இல் இந்திய நிலவியல் அளவைத் துறையில் சேர்ந்து சென்னை மாகாணத்திற்கு வந்தார். 1863ஆம் ஆண்டு மே 30ஆம் நாள் பல்லாவரத்தில் அவர் கண்டெடுத்த கற்கருவி, பழைய கற்கால மனிதன் இந்நாட்டில் வாழ்ந்ததை உலகிற்கு உணர்த்தியது. அவர் புகழ் பெரிதும் அக்கல்லோடு நின்றுவிட்டது. அரசு அவருக்கு ஊதியம் அளித்ததோ பாறைகளை ஆராய்ந்து வரைபடம் ஆக்குவதற்கு.

தொண்டைமான் மன்னர்கள் ஆண்ட புதுக்கோட்டைச் சமஸ்தானத்தையும் அதனைச் சூழ்ந்த பகுதிகளையும் பற்றிய அவரது நிலவியல் கட்டுரை 1879இல் வெளிவந்தது. அந்நிலத்தின் மேற்கே நார்த்தாமலை, குடுமியான்மலை, சித்தன்னவாசல் எனப் பாறைக் குன்றுகள் தலைதூக்கி நிற்கின்றன. கிழக்கே செல்லச் செல்ல அப்பழம்பாறை மணற்கல்லுக்கும் செம்புறாங்கல்லுக்கும் அடியில் மறைகிறது. மணமேல்குடிக் கரையில் கடல் எதிர்ப்படுகிறது.

நிலம் அங்கே முடிந்ததாகத் தோன்றினும், அடியிலுள்ள கண்ட மேலோடு முடிவதில்லை. ஆழம் குறைந்த பாக் நீரிணையின் கீழும் அது தொடர்ந்து சென்று இலங்கையைத் தாங்குகிறது. ஏறத்தாழ 35 கிலோமீட்டர் தடிமனுள்ள அம்மேலோடு கருங்கல்லை ஒத்த இயல்பினது. கன சென்டிமீட்டருக்குச் சுமார் 2.7 கிராம் அடர்த்தியே உடையதாதலின் உயர்ந்து மிதக்கிறது. வங்கக் கடலின் ஆழத்தில், இமயத்து ஆறுகள் கொணர்ந்த வண்டலின் அடியில் கிடக்கும் கடல் மேலோடு வேறு வகையினது. பசால்ட்டால் ஆன அது சுமார் 7 கிலோமீட்டர் தடிமனே உடையது. எனினும் அடர்த்தி 3 கிராமை நெருங்கும். அக்கனத்தாலேயே அந்தமானை ஒட்டி அது மீண்டும் புவிக்குள் அமிழ்கிறது. ஆகவே, கடற்பாறைகள் பெரும்பாலும் 20 கோடி ஆண்டுகளுக்கு உட்பட்டவை. தென்னிந்தியக் கண்டப் பாறைகளிலோ 250 கோடி ஆண்டுகளைக் கடந்தவை உள.

இவ்வேறுபாட்டை அறியும் வாய்ப்பு ஃபுட்டுக்கு இல்லை. நிலநடுக்க அலைகளைக் கொண்டு மேலோட்டின் அடி எல்லையை மொகோரோவிசிச் கண்டது 1909இல். கடலடி இளமையானது என உறுதிப்பட்டது 1960களில். கருவிகளின்றிக் கண்ணையும் சுத்தியலையும் நம்பி அவர் வரைந்த எல்லைக்கோடுகள், பின்வந்தோர்க்கு அடிப்படையாயின என்பதே வியப்பு.

1891இல் ஓய்வுபெற்ற பின்னரும் பரோடா, மைசூர் சமஸ்தானங்களில் பணியாற்றினார். அவர் திரட்டிய தொல்பொருள்களை 1904இல் சென்னை அருங்காட்சியகம் பெற்றது. கண்டங்கள் நகர்கின்றன என்று வெகெனர் செருமனியில் முதன்முதலாக அறிவித்த 1912ஆம் ஆண்டின் இறுதியில், டிசம்பர் 29ஆம் நாள், ஃபுட் கல்கத்தாவில் மறைந்தார். அவரது கல்லறை, அவர் வாழ்ந்த ஏற்காட்டில் உள்ளது.