தட்டில் தழைத்த ஈரப்பலா மரம்

திருவண்ணாமலை ரமணாசிரமத்தில் பந்தியில் உட்கார்ந்தால் முன்னே விரிவது தையல் இலை. ரமண மகரிஷியே ஒரு காலத்தில் தம் கையால் இலை தைத்தவர். சாப்பிட்டு எழுந்ததும் இலையின் வேலை முடிந்தது. ஒரு வேளைச் சோற்றோடு அதன் ஆயுள் சரி.

சுமார் 280 ஆண்டுகளாகப் பாதுகாக்கப்பட்டு வரும் சாப்பாட்டுத் தட்டுகளும் உலகில் உண்டு! இங்கிலாந்தில் ஷக்பரோ என்ற மாளிகையில் அவை இருக்கின்றன. சீனாவில் செய்த பீங்கான் தட்டுகள் அவை. தட்டின் நடுவே ஒரு மரம். அது நம் பலாவின் உறவான ஈரப்பலா. சீமைப்பலா என்றும் சொல்வார்கள். கன்னியாகுமரிப் பக்கத்திலும் இலங்கையிலும் அதன் காயைக் கறி சமைத்துச் சாப்பிடுகிறார்கள்.

சீனத் தட்டில், ஆங்கிலேயர் வீட்டில், இந்த மரம் எப்படி முளைத்தது? அதுதான் ஜார்ஜ் ஆன்சன் கதை.

கிழவர்களும் கடலுக்கு!

ஆன்சன் 1697-ம் ஆண்டு அந்த ஷக்பரோ மாளிகையில் பிறந்தார். 1712-ல், மீசை அரும்பாத வயதிலேயே, கடற்படையில் சேர்ந்தார். அதிகம் பேசாதவர். ஆபத்திலும் பதறாதவர்.

1739-ல் இங்கிலாந்துக்கும் ஸ்பெயினுக்கும் போர் மூண்டது. பசிபிக் கடலில் ஸ்பானியரைத் தாக்கும்படி ஆன்சனுக்குக் கட்டளை பிறந்தது. 1740 செப்டம்பரில் 6 போர்க்கப்பல்களும், சாமான் ஏற்றிய 2 கப்பல்களும் புறப்பட்டன. அவற்றில் சுமார் 1,900 பேர் இருந்தார்கள்.

ஆள் பற்றாக்குறையால், ஓய்வுபெற்ற முதிய சிப்பாய்களையும் நோயாளிகளையும் கப்பலில் ஏற்றினார்கள். நடக்கத் தெம்பு இருந்தவர்கள் முன்பே ஓடிவிட்டார்கள். ஓட முடியாதவர்கள்தான் உலகம் சுற்றப் போனார்கள்!

தென் அமெரிக்காவின் தென்கோடியில் பெரும் புயல் தாக்கியது. அதைவிடக் கொடியது, ஸ்கர்வி என்னும் நோய். மாதக்கணக்கில் காய்ந்த ரொட்டியும் உப்புக்கண்டமும் தின்றவர்களுக்கு அது வரும். ஈறுகள் வீங்கி ரத்தம் கசியும். பற்கள் ஆடும். 50 ஆண்டுகளுக்கு முன் ஆறிய காயம் ஒரு கிழவருக்கு மீண்டும் வாய் பிளந்ததாம். தினமும் பிணங்களைக் கடலில் இறக்கினார்கள். கப்பல்கள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. கடைசியில் செஞ்சூரியன் என்ற ஒரே கப்பல்தான் மிஞ்சியது.

தீவில் கிடைத்த விருந்து

1742 ஆகஸ்டில் அந்தக் கப்பல் தினியன் என்ற தீவை அடைந்தது. அங்கே தேங்காய் இருந்தது. புளிப்புப் பழங்கள் இருந்தன. கிளை கிளையாக ஈரப்பலாக் காய்த்துத் தொங்கியது. கப்பல் ரொட்டியை ஒதுக்கிவிட்டு எல்லோரும் அதையே விரும்பி உண்டார்கள். சாகக் கிடந்தவர்கள் எழுந்து நடந்தார்கள்.

பிறகு ஆன்சன் சீனக் கரைக்குச் சென்று கப்பலைப் பழுது பார்த்தார். 1743 ஜூனில், பிலிப்பைன்ஸ் அருகே, கோவடோங்கா என்ற ஸ்பானியக் கப்பலைப் பிடித்தார். அதில் 13 லட்சத்துக்கும் மேற்பட்ட வெள்ளிக் காசுகள் இருந்தன!

கான்டன் நகரில் தீ

அந்த ஆண்டு நவம்பரில் சீனாவின் கான்டன் துறைமுக நகரில் தீப்பிடித்தது. ஆன்சனின் மாலுமிகள் ஓடிப்போய், தீ பரவும் வழியிலிருந்த கட்டடங்களை இடித்து நெருப்பைத் தடுத்தார்கள். அங்கிருந்த ஐரோப்பிய வியாபாரிகள் நன்றியாகக் கொடுத்த பரிசே அந்தத் தட்டுகள் என்று வழிவழியாகச் சொல்லப்படுகிறது. சிறிதும் பெரிதுமாக 200-க்கும் அதிகமான உருப்படிகள்!

அக்காலத்தில் ஐரோப்பியர் தங்களுக்குப் பிடித்த படங்களைச் சீனாவுக்கு அனுப்பி, பீங்கானில் எழுதி வாங்குவார்கள். ஜிங்டெஜென் என்ற ஊரில் வெள்ளைப் பீங்கானைச் சூளையில் சுடுவார்கள். அது கான்டன் வந்து சேரும். அங்கே ஓவியர்கள் வண்ணம் தீட்டி, இளஞ்சூட்டில் மறுபடியும் சுடுவார்கள். ஐரோப்பிய எழுத்து அந்த ஓவியர்களுக்குத் தெரியாது. மாதிரிப் படத்தில் இன்ன இடத்துக்கு இன்ன நிறம் என்று எழுதியிருந்தால், அந்த எழுத்தையும் அப்படியே தட்டில் எழுதிவிட்ட வேடிக்கையும் உண்டு!

ஆன்சன் தட்டுக்குப் படம் வகுத்தவர், அவருடன் பயணம் செய்த பியர்சி பிரெட் என்ற அதிகாரி என்று கருதுகிறார்கள். நடுவில் ஈரப்பலா மரம். விளிம்பில் ஒருபுறம் இங்கிலாந்தின் பிளிமத் துறைமுகம். மறுபுறம் கான்டன் ஆறு. பிளிமத்தைக் கண்ணால் காணாத சீனர் ஒருவர் அதைத் தத்ரூபமாகத் தீட்டினார். தட்டில் ஆன்சன் குடும்பச் சின்னம் இருக்கிறது. தீட்டியவர் பெயர் இல்லை.

வெள்ளியும் வழக்கும்

1744 ஜூனில் ஆன்சன் நாடு திரும்பினார். 32 வண்டிகளில் வெள்ளி லண்டன் தெருக்களில் ஊர்வலம் போனது. ஊரே கூடி ஆரவாரம் செய்தது. ஆனால் புறப்பட்ட 1,900 பேரில் 1,300-க்கும் மேற்பட்டோர் இறந்திருந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் நோய்க்கே பலியானவர்கள்.

கோவடோங்காவில் ஆன்சனுக்குக் கிடைத்த பங்கு சுமார் 91,000 பவுன். சாதாரண மாலுமிக்குச் சுமார் 300 பவுன். அழிந்த கப்பல்களிலிருந்து வந்து செஞ்சூரியனில் பாடுபட்ட அதிகாரிகள், தங்கள் பதவிக்குரிய பங்கைக் கேட்டு வழக்காடினார்கள். முடிவில் ஆன்சன் பக்கமே தீர்ப்பானது. சேர்ந்து துன்பப்பட்டவர்கள் பங்கு பிரிக்கும்போது எதிரிகள் ஆனார்கள்!

1747-ல் ஆன்சன் பிரெஞ்சுக் கப்பற்படையை மடக்கிப் பிடித்துப் பிரபு பட்டம் பெற்றார். பிடிபட்டவற்றில் இந்தியாவுக்கு வரவிருந்த கப்பல்களும் இருந்தன. பின்பு கடற்படை இலாகாவின் தலைவரானார். நம் மண்ணில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதிய நாட்கள் அவை. திருவண்ணாமலைக் கோயிலின் உயர்ந்த மதில்களும் அப்போது கோட்டையாகப் பயன்பட்டன. 1762-ல் ஆன்சன் காலமானார். அவருக்குப் பிள்ளைகள் இல்லை.

எலுமிச்சம்பழம் சொன்ன விடை

அத்தனை உயிர்கள் போனது ஏன்? ஜேம்ஸ் லிண்ட் என்ற கடற்படை மருத்துவர் 1747-ல் ஸ்கர்வி நோயாளிகளுக்கு வெவ்வேறு பொருள்களைக் கொடுத்துப் பார்த்தார். ஆரஞ்சும் எலுமிச்சையும் சாப்பிட்டவர்களே விரைவில் குணமானார்கள். 1753-ல் தாம் வெளியிட்ட நூலை அவர் ஆன்சனுக்கே காணிக்கையாக்கினார். ஆனாலும் எலுமிச்சைச் சாறு கடற்படை முழுவதற்கும் கிடைக்க 1795 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. புதிய காய்கனிகளில் உள்ள வைட்டமின் ‘சி’ குறைவதுதான் நோய்க்குக் காரணம் என்பது இருபதாம் நூற்றாண்டில்தான் உறுதியானது.

வண்டி வண்டியாக வந்த வெள்ளி எங்கெங்கோ கரைந்துவிட்டது. பசியாற்றிய மரம் மட்டும் தட்டில் இன்னும் பசுமையாக நிற்கிறது. மாண்ட மாலுமிகளுக்கு அதில் படம் இல்லை. அவர்களைக் காப்பாற்றியிருக்கக்கூடிய பொருளோ, நம் கோயில் வாசல்களில் கூடை கூடையாக விற்கிற எலுமிச்சம்பழம்!