திருச்சியிலிருந்து பறந்த மெஹர் சிங்

ஓசூர் பேளகொண்டப்பள்ளியில் ஓடுதளம் இருப்பதால் நம்ம மாணவர்களுக்கு விமானம் புதுசில்லை. ஆனால் மெஹர் சிங்கைத் தெரியுமா என்று கேட்டால் முழிக்கிறார்கள்.

1915-ல் லாயல்பூரில் பிறந்த பஞ்சாபி. அவர் தலைமையில் விமானப்படையின் 6-வது ஸ்குவாட்ரன் 1942 டிசம்பர் 1 அன்று உருவானது நம்ம திருச்சியில்தான்! அப்போது அவருக்கு வயது 27. திருச்சி ஏர்போர்ட்டில் பல தடவை இறங்கியிருக்கிறேன். இதைச் சொல்லும் பலகை எதுவும் என் கண்ணில் பட்டதில்லை.

1943 கடைசியில் அந்த ஸ்குவாட்ரன் பர்மா எல்லைக்குப் போனது. கேமரா பொருத்திய ஹரிக்கேன் விமானங்கள், அரக்கான் காடுகளுக்கு மேலே ஜோடி ஜோடியாகப் பறக்கும். ஒருவர் கீழே ஜப்பானியர் நடமாட்டத்தைக் கவனிப்பார். மற்றவர் பின்னால் வளைந்து வளைந்து பறந்து, எதிரி விமானம் வருகிறதா என்று பார்த்துக்கொள்வார். எதிரியைக் கண்டால் மோதுவதுதானே வீரம் என்போம். இந்த வேலையில் அது சரிப்படாது. ஃபிலிம் திரும்பி வராவிட்டால் பறந்ததே வீண். பதினான்காம் ராணுவத்தின் கண்கள் என்று அந்த ஸ்குவாட்ரனுக்குப் பெயர். 1944-ல் அவருக்கு டி.எஸ்.ஓ. விருது கிடைத்தது, அந்தப் போரில் இந்திய விமானப்படையில் அதைப் பெற்றவர் அவர் ஒருவரே.

1948 மே 24 அன்று, ஜெனரல் திம்மய்யாவை ஏற்றிக்கொண்டு இமயமலையைத் தாண்டி, 10,000 அடிக்கு மேலே லே நகரின் மணல் தரையில் டகோட்டாவை இறக்கினார். கேபினில் காற்றழுத்த வசதி கிடையாது. அதே வருஷம் விமானப்படையை விட்டார். 1952 மார்ச்சில், ஜம்முவிலிருந்து டெல்லிக்குச் சின்ன விமானம் ஓட்டி வரும்போது புயலில் சிக்கி இறந்துபோனார். வயது 37 கூட நிறையவில்லை.